இத்தாலிக்கு ஒன்றரை மணி அவசரம்

முறுக்கு டப்பாவுக்குள் கடிகாரத்தை வைத்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்பது என் மனைவியின் யோசனை. திருமணமான நாளிலிருந்து அவளுடைய யோசனை எதையும் நான் மறுத்ததில்லை. அதனால்தான் இன்னும் திருமணமானவனாக இருக்கிறேன்.

விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையைப் பார்த்த காவலர் பெல்ட்டை நிறுத்தினார். அவர் தோளுக்கு மேலாக நானும் எட்டிப் பார்த்தேன். டப்பா நிறையச் சுருள் சுருளாகக் கம்பி. நடுவில் ஒரு கடிகாரம். அதன் முதுகிலிருந்து இரண்டு வயர். அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னைப் பிடித்திருப்பேன்.

“என்ன சார் இது?”

“முறுக்குங்க.”

“நடுவுல?”

“கார்ல மாட்டுற கடிகாரம்.”

“கார் எங்க?”

“ஷார்ஜாவுல.”

“உங்க காரா?”

“இல்லீங்க, ஒரு அரபிக்காரரோடது. என் மச்சினன் அதுக்கு சீட் தைக்கிறான்.”

ஒவ்வொரு வாக்கியமும் உண்மை. சேர்த்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. காவலர் ஒரு முறுக்கை உடைத்து மோந்து பார்த்தார், பிறகு தின்று பார்த்தார். மேலதிகாரியை அழைத்தார். அவர் இரண்டு தின்றார். கடிகாரம் ஆபத்தில்லாதது என்று அவர்கள் முடிவுக்கு வந்தபோது டப்பாவில் கால்வாசி காலி.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையில் பாதி இருக்கும். வட்டமில்லை, சதுரமில்லை, இரண்டு பக்கமும் கூராக, பாதாம்பருப்பை நிமிர்த்தி வைத்த மாதிரி. தங்க நிற விளிம்பு, ராத்திரி வானத்து நீலத்தில் முகம். இத்தாலியில் ஒரு கம்பெனி எண்பதுகளில் செய்த சொகுசுக் கார்களில், டாஷ்போர்டின் நட்டநடுவில், நெற்றிச்சுட்டி மாதிரி இதை வைத்திருந்தார்கள். கம்பெனியின் பெயரைச் சரியாக உச்சரிக்க எனக்கு வராது என்பதால் இங்கே எழுதவில்லை. என்னுடைய காரிலும் கடிகாரம் உண்டு. பேட்டரி மாற்றிய நாளிலிருந்து அது பன்னிரண்டு மணி என்று கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது.

இந்த பாதாம் கடிகாரம் ஷார்ஜாவில் நின்றுபோக, துபாயில் எல்லோரும் கைவிரிக்க, மச்சினன் அதை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்ப, கோயம்புத்தூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் சரிசெய்தார். கூரியரில் திருப்பி அனுப்ப மச்சினனுக்குப் பயம். “நீங்களே கொண்டாந்துருங் மாமா. அப்படியே ஊரையும் பாத்த மாதிரி ஆச்சு” என்றான். இப்படியாக நான் முறுக்கோடு வெளிநாடு போனேன்.

மச்சினன் குணசேகரன் கரூர்க்காரன். கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுவார்கள். அங்கே பாதிப் பேருக்கு சீட் தைக்கத் தெரியும், மீதிப் பேருக்கு அதைக் குறை சொல்லத் தெரியும். பஸ் சீட்டில் தொடங்கியவன் வளைகுடாவுக்குப் போய் இருபது வருடத்தில் கார் சீட், கதவு உள்பக்கம், கூரைத் துணி எல்லாவற்றிலும் பேரெடுத்துவிட்டான். ஆனால் கடை அவன் பெயரில் இல்லை. கடையின் கஃபீல், அதாவது லைசென்ஸையும் இவனுடைய விசாவையும் கையில் வைத்திருக்கிற உள்ளூர்க்காரர், மாதக் கடைசியோடு கடையை மூடிவிட்டு டயர் குடோன் போடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரத்தில்தான் அபு சயீத் வந்திருக்கிறார். எழுபதைத் தாண்டிய உள்ளூர் எமிராத்திக்காரர். வீட்டில் ஒன்பது பழைய கார்கள். அதில் இந்த இத்தாலிக் காரை மட்டும் கொண்டுவந்து விட்டு, பேச்சை ஒரே மூச்சில் முடித்துவிட்டாராம்: “சனிக்கிழமை துபாயில் பழைய கார்களுக்குப் போட்டி. இதன் உள்ளலங்காரம் நான் நினைக்கிற மாதிரி வந்தால் மீதி எட்டும் உனக்கு. என் காம்பவுண்டிலேயே கடை வைத்துக்கொள், விசா என் பொறுப்பு. வரவில்லையென்றால் கலாஸ்.”

கலாஸ் என்றால் முடிந்தது. குணசேகரனுக்குக் கலாஸ் என்றால் அவன் மறுபடி கரூருக்கு வந்து பஸ் சீட் தைக்க வேண்டும். எனக்குக் கலாஸ் என்றால் கரூரில் வீடு கிடைக்கும்வரை என் வீட்டு மாடியில் அவன் குடும்பம் இருக்கும். எனவே இந்தக் காரின் மீது எனக்கும் உண்மையான அக்கறை இருந்தது.

முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் கடைக்குப் புறப்பட்டேன். “இண்டஸ்ட்ரியல் ஏரியாவுல, பெரிய டயர் கடைக்குப் பக்கத்துலன்னு சொல்லுங் மாமா, யாரக் கேட்டாலும் காட்டுவாங்க” என்று சொல்லிவிட்டு அவன் விடியும் முன்பே போய்விட்டான். ஷார்ஜாவில் இண்டஸ்ட்ரியல் ஏரியா ஒன்றில்லை, ஒன்று இரண்டு மூன்று என்று நம்பர் போட்டுப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொன்றிலும் டயர் கடை. எல்லாமே பெரியது.

டாக்சி ஓட்டியவர் பெஷாவர்க்காரர். இந்தியில் என்னென்னவோ கேட்டார். தமிழ்நாட்டில் இந்தி தெரியாமல் ஐம்பத்து மூன்று வயதுவரை மானத்தோடு வாழ்ந்தவன் நான். இந்தி தெரியாமல் அவமானப்படுவதற்கு அரபு நாட்டுக்கு வர வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு இந்திப் பரீட்சை எழுதினேன். அதில் மிச்சமிருப்பது ஒரே வாக்கியம். “கடி மேஜ் பர் ஹை.” கடிகாரம் மேஜைமேல் இருக்கிறது. இந்தியில் கடிகாரத்துக்குக் கடி என்று பெயர். தமிழில் நான் எழுதுவதற்கெல்லாம் அதே பெயர்தான்.

நான்காவது டயர் கடையில் டாக்சிக்காரர் என்னிடமிருந்து போனைப் பிடுங்கி குணசேகரனிடம் பேசினார். பேசி முடித்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வண்டியிலிருந்த ஃப்ளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். வழி தவறிய ஆட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற மாதிரி இருந்தது. டீ நன்றாக இருந்தது.

கடை ஒரு தகரக் கொட்டகை. உள்ளே தோல் வாசனையும் பசை வாசனையும். நடுவில் அந்தக் கார். வெளியே பார்க்கச் சாதாரண நாலு கதவு வண்டிதான்; நம் ஊர் கலெக்டர் இதில் வந்து இறங்கினாலும் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். கதவைத் திறந்ததும் எனக்குச் செருப்பைக் கழற்றத் தோன்றியது.

பழுத்த சந்தன நிறத்தில் தோல் சீட்டுகள். சாதாரணமாக இழுத்துப் போர்த்தியதில்லை. பட்டுப் பாவாடை கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாகச் சுருக்கித் தைத்தது. கதவுகளிலும் அதே சுருக்கம். டாஷ்போர்டில் வேர்முண்டு மரத்தைக் காகிதம்போலச் சீவி ஒட்டியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் மரத்துக்குள் கண்கள், மேகங்கள், ஓரிடத்தில் என் ஹெட்மாஸ்டர். கூரையில் மெத்தென்ற துணி. மரப்பலகையின் நடுவில் மட்டும் பாதாம் வடிவில் ஒரு ஓட்டை.

“இந்த ஊரு வெயிலு இருக்குதுங்களே மாமா, அது வண்டிக்கு வெளிய ஒன்னும் பண்றதில்லீங். உள்ளதான் தின்னுபோடும்” என்றான் குணசேகரன். “கூரைத் துணிக்குப் பின்னால இருக்கற ஸ்பாஞ்சு மாவாயிரும். துணி தொங்கி ஓனர் தலை மேல முக்காடு மாதிரி விழுகும். இது வந்தப்ப அப்புடித்தான் இருந்துச்சு.”

“எல்லாம் புதுசா?”

“தோலு பழசேதாங். புதுசு போட்டா போட்டியில மார்க்கு போயிரும். கிழிஞ்ச எடத்த மட்டும் உள்ள ஒட்டு வெச்சு, தையல் பழைய ஓட்டையிலயே விட்டிருக்கறேன்.”

இவன் கரூரில் தைத்த பஸ் சீட்டில் நான் உட்கார்ந்திருக்கிறேன். ஊர் வந்து இறங்கியபோது முதுகில் ரெக்ஸின் டிசைன் பதிந்திருந்தது. மனிதன் முன்னேறலாம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கடையில் இன்னொருவர் ஷாஜி, எலக்ட்ரீஷியன், திருச்சூர்க்காரர். மதியம் அவர் கையால் சாம்பார். மலையாளிகள் சாம்பாரில் தேங்காய் போடுவது பற்றி எனக்குக் கருத்து உண்டு. இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டே அதைத் தெரிவித்தேன். “சாரின்டெ வாய் ஒண்ணு சொல்லுது, தட்டு வேற சொல்லுது” என்றார் ஷாஜி.

சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. என் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் பிசகவில்லை. பரவாயில்லை, ஒழுங்கான கடை என்று நினைத்துக்கொண்டேன். இந்தப் பாராட்டு எப்பேர்ப்பட்ட முட்டாள்தனம் என்பது சனிக்கிழமைதான் தெரிந்தது.

சாயங்காலம் அபு சயீத் வந்தார். வெள்ளை அங்கி, வெள்ளைத் தாடி, வண்டிக்குள் ஏறும்போது குழந்தை மாதிரி ஒரு அவசரம். பின் சீட்டில் உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு தோல் மடிப்புகளில் விரலை ஓட்டினார். மோந்து பார்த்தார். அவர் பேசிய இந்தியை ஷாஜி எனக்கு மெதுவாகத் தமிழாக்கினார். அந்தக் காலத்தில் பம்பாயோடு வியாபாரம் செய்த குடும்பமாம். அந்த இந்தியில் ஒரு எழுத்துகூட அரபி மாதிரி ஒலிக்கவில்லை.

“வாசனை சரி” என்றார். பிறகு ஓட்டையைப் பார்த்தார். “கடிகாரம்?”

நான் முறுக்கு டப்பாவைத் திறந்து நீட்டினேன். அவர் முதலில் முறுக்கை எடுத்தார், அது எல்லோரும் செய்வதுதான். கடித்துக்கொண்டே கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது அழகான பொய்யன்” என்றார். “புதிதாக வாங்கிய வருடத்திலிருந்து ஒருநாள்கூடச் சரியான நேரம் காட்டியதில்லை. கம்பெனிக்காரர்களிடம் அனுப்புவேன். சரியாக வைத்துத் தருவார்கள். ஒரு வாரத்தில் பழையபடி ஓடிப்போய்விடும். இத்தாலிக்காரன் அழகைச் செய்வான், நேரம் அவனுக்கு வராது என்று விட்டுவிட்டேன். ஆனால் போட்டியில் ஓட வேண்டும். நின்ற கடிகாரத்துக்கு மார்க்கு இல்லை.”

வெள்ளிக்கிழமை எனக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் நாள். துபாய்க் கடற்கழியைக் கடக்க மரப்படகு இருக்கிறது. ஏறி உட்கார்ந்தேன். காற்று, கடற்பறவைகள், இரண்டு கரையிலும் கட்டடங்கள். பக்கத்தில் ஒரு ராமநாதபுரத்துக்காரர் போனில் வீட்டோடு பேசிக்கொண்டிருந்தார். “ஆடு குட்டி போட்டுச்சா? எத்தன? ரெண்டா? போனைக் குட்டிக்கிட்ட காட்டு.” குட்டியைப் பார்க்க நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளைத் திட்டு. நிமிர்ந்தபோது படகு அந்தக் கரைக்குப் போய், ஆள் ஏற்றிக்கொண்டு, இந்தக் கரைக்கே திரும்பிக்கொண்டிருந்தது. ராமநாதபுரத்துக்காரரும் இறங்க மறந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “ஆட்டாலதான்” என்றார் அவர். எனக்கு அந்தச் சாக்கும் இல்லை.

கடைக்குத் திரும்பியபோது கடிகாரத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஷாஜி டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாந்து படுத்து வயரைக் கோத்தார். குணசேகரன் மரப்பலகையின் ஓட்டைக்குள் கடிகாரத்தை அழுத்தினான். ‘டிக்’ என்று உட்கார்ந்தது. நீல முகத்தில் முள் நகர ஆரம்பித்ததும் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கோயிலில் திரை விலகிய மாதிரி இருந்தது. முகத்தின் அடி விளிம்பில் ஒரு பொடி ஓட்டை. அதில் ஊசியால் அழுத்தினால் முள் நகரும். ஷாஜி சட்டையிலிருந்த ஊக்கைக் கழற்றி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தார்.

“மாமா, உங்க வாட்சுல என்னங்?”

பார்த்தேன். “ரொம்பச் சரி” என்றேன். அந்தக் காருக்கு நான் செய்த ஒரே தொண்டு இதுதான்.

சனிக்கிழமை காலை துபாயில், கடலோரப் புல்வெளி ஒன்றில் கார்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். பாலைவனத்தில் அவ்வளவு பச்சையாகப் புல் வளர்ப்பதை நினைத்தால், அதன்மேல் காரை நிறுத்துவது பாவம் என்று தோன்றியது. ஷாஜிக்கு வேறு வேலை, வரவில்லை. குணசேகரன் சலவைச் சட்டையில் வந்திருந்தான். காருக்குள் புகுந்து ஒரு நூல் பிசிறை நகத்தால் நறுக்கினான், வெளியே வந்தான், மறுபடி புகுந்தான்.

“மாமா, மாதக் கடைசிக்கு எத்தன நாளு இருக்குதுங்?”

“அதையெல்லாம் இப்ப எண்ணாத மாப்ளே.”

“எண்ணலீங். சும்மா கேட்டேன்.”

இரண்டு கார் தள்ளி அபு சயீத்தின் பெரியப்பா மகன் நின்றிருந்தார். மூன்று வருடமாக உள்ளலங்காரக் கோப்பை அவருக்குத்தான். அவர் காரின் மரப்பலகையை முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் போட்டிருந்தார்கள். இரண்டு பெரியவர்களும் மூக்கோடு மூக்கு உரசிப் பாசமாக நலம் விசாரித்துக்கொண்டார்கள். எங்கள் ஊர்ப் பங்காளிகள் கல்யாணத்தில் கட்டிப்பிடிக்கிற அதே பாசம்.

நடுவர் ஒரு இத்தாலிக்காரர். வெள்ளைக் கால்சட்டை, கையில் சின்ன டார்ச்சு. சொந்த ஊர்க் கார் என்பதால் எங்களிடம் அதிக நேரம் நின்றார். தையலுக்குப் பக்கவாட்டில் டார்ச்சை அடித்துப் பழைய ஓட்டைகளைப் பார்த்தார். குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார். கூரைத் துணியை விரல் நுனியால் தொட்டார். எழுந்து குணசேகரனின் கையைப் பிடித்துக் குலுக்கி இத்தாலிய மொழியில் ஏதோ சொன்னார். குணசேகரன் தமிழில் “சந்தோசங்க” என்றான். அபு சயீத் பங்காளியின் பக்கம் திரும்பாமலேயே திரும்பிப் பார்த்தார்.

பிறகு விளக்கு, ஹாரன், வைப்பர் ஒவ்வொன்றாக வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். கடைசியில் கடிகாரம். நடுவர் அதைப் பார்த்தார். தன் மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடி அதைப் பார்த்தார். புன்னகைத்தார். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அந்தப் புன்னகை எனக்குப் பிடிக்கவில்லை. தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பத்து மணி ஆகப் பத்து நிமிடம். என் வாட்சிலும் அதேதான். சரியாகத்தானே இருக்கிறது என்று நிமிர்ந்தால், எதிரே போட்டிக்காரர்கள் வைத்திருந்த பெரிய பலகையில் எட்டு இருபது.

அப்போதுதான் புரிந்தது. நாலு நாளைக்கு எதற்கு என்று நான் என் வாட்சை மாற்றவே இல்லை. அது கோயம்புத்தூர் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. போனை, ரோமிங் பயத்தில் என் மனைவி சொன்னபடி, தேவைக்கு மட்டும் திறந்தேன். கடைச் சுவர்க் கடிகாரமோ கடை தொடங்கிய நாளிலிருந்தே ஊர் நேரம். கரூரில் பிள்ளை பள்ளிக்குப் போய்விட்டதா, திருச்சூரில் அம்மா மாத்திரை போட்டாச்சா என்று நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்காக மாட்டியது. துபாய் நேரம் வேண்டும்போது ஒன்றரை மணியைக் கழித்துக்கொள்வார்கள். இருபது வருடப் பழக்கத்தில், கழிக்கிறோம் என்பதே அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. இந்திய நேரத்தில் இருந்த இரண்டு சாட்சிகளை வைத்து மூன்றாவதைத் திருத்தியிருக்கிறோம்.

அபு சயீத் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.  குணசேகரன் சட்டைப் பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்துக்கொண்டு கையை உள்ளே நீட்டினான்.

“தொடாதே” என்றார் அபு சயீத். இந்தி தெரியாத எனக்கே புரிந்தது.

“யார் வைத்தது இந்த நேரம்?”

“நாந்தானுங்க” என்றான் குணசேகரன், இந்தியில். ஷாஜியின் பெயரைச் சொல்லவில்லை.

இந்த இடத்தில் நான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று பட்டது. படித்தவன், அவனுக்கு மூத்தவன், என் வீட்டு மாடி வேறு ஆபத்தில் இருக்கிறது. மனதுக்குள் அருமையான சமாதானம் ஒன்று தயாரானது. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

“கடி மேஜ் பர் ஹை.”

அபு சயீத் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு மேஜை எங்கே என்று புல்வெளியைச் சுற்றிப் பார்த்தார். பிறகு கடிகாரத்திடம் திரும்பி விரல்விட்டு எண்ணினார். “ஒன்றரை” என்றார். “சரியாக ஒன்றரை மணி.” மறுபடியும் ஒருமுறை அதையே சொன்னார். அதன்பின் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. பெரியவர் அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“அப்போதும் ஒன்றரை மணிதான்” என்றார். குணசேகரன் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். “எத்தனை தடவை சரிசெய்து கொடுத்தாலும் ஒன்றரை மணிதான் முந்தி ஓடும். விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வேன், இத்தாலிக்கு எப்போதும் ஒன்றரை மணி அவசரம் என்று. இன்றுதான் எனக்கு விடிந்திருக்கிறது. கடிகாரம் இல்லை. ஜார்ஜ்.”

ஜார்ஜ், நாகர்கோவில்காரர், இந்தக் காரைப் பதினோரு வருடம் ஓட்டிய டிரைவர். இப்போது ஊரில் இருக்கிறார். பெருநாளுக்குப் பெருநாள் போனில் பேசிக்கொள்வார்களாம். அபு சயீத் அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். நலம்கூட விசாரிக்கவில்லை.

“ஜார்ஜ், இப்போது மணி என்ன?”

“ஒன்பது ஐம்பத்தைந்து, அர்பாப்” என்றது ஒரு கனமான குரல். முதலாளியை இங்கே அர்பாப் என்பார்கள்.

அபு சயீத் டாஷ்போர்டைப் பார்த்தார். ஒன்பது ஐம்பத்தைந்து. “திருடா” என்றார். “என் கடிகாரத்தை நீதானே மாற்றி மாற்றி வைத்தாய்?”

 ஜார்ஜ் சொன்னார்: “நீங்கள் பின் சீட்டில் இருந்தீர்கள் அர்பாப். உங்கள் கையில் தங்க வாட்ச் இருந்தது. அந்தக் கடிகாரம் ஓட்டுகிறவன் பார்ப்பதற்கு. எனக்கு என் பெண்டாட்டி டூட்டி முடிந்து வந்தாளா என்று தெரிய வேண்டாமா?”

“பதினோரு வருடம் ஏன் சொல்லவில்லை?”

“நீங்கள் இத்தாலிக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தீர்கள். நடுவில் பேசுவது மரியாதையில்லை.”

ஒலிபெருக்கியில் கோப்பையை அறிவித்தார்கள். பங்காளிக்குத்தான், நான்காவது முறையாக. அபு சயீத் கைதட்டினார், காரைவிட்டு இறங்கவில்லை. போனைக் குணசேகரனிடம் நீட்டினார். “உன் பாஷைக்காரன். பேசு.”

“வணக்கமுங்க” என்றான் குணசேகரன்.

“யாருலே மக்கா சீட்டு தச்சது, நீயா? டிரைவர் சீட்டு எடது ஓரத்துல ஒரு கிழிசல் கெடந்துச்சே, என் சாவிக்கொத்து பட்டது. அத என்ன செஞ்ச?”

“உள்ள ஒட்டு வெச்சுட்டனுங்.”

“வெளிய தெரியுதா?”

“இல்லீங்.”

“அப்ப நல்லவன்தான். ஒண்ணு கேட்டுக்க. அவரு தங்கமான மனுசன், ஆனா பொறும கெடையாது. எப்ப முடியும், எப்ப முடியும்னு கொல்லுவாரு. ரெண்டு மாசம்னு உள்ளதச் சொல்லிராத, காரத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாரு. புக்ரான்னு சொல்லு.”

“புக்ரான்னா நாளைக்குங்களே?”

“அகராதியில நாளைக்கு. நீ சொல்லு, பொறவு தெரியும்.”

போனைத் திருப்பிக் கொடுத்தான். அபு சயீத் காரிலிருந்து இறங்கி, கதவைப் பூப்போலச் சாத்தினார். மடிப்பு மடிப்பான தோலைக் கண்ணாடி வழியாக ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“அடுத்தது அந்தப் பச்சைக் கார்” என்றார். “எப்போது முடியும்?”

குணசேகரனின் உதடுகள் இரண்டு மாதம் என்று சொல்லக் குவிந்தன. கரூர்க்காரனுக்கு வேலை விஷயத்தில் பொய் வராது. உதட்டை மூடினான். என்னை ஒரு பார்வை பார்த்தான். நெஞ்சை நிமிர்த்தினான்.

“புக்ரா, அர்பாப். இன்ஷா அல்லாஹ்.”

அபு சயீத் அவனை நெடுநேரம் பார்த்தார். “பதினோரு வருடம் ஜார்ஜ் எனக்குச் சொன்னதும் இதுதான்” என்றார். “சரி. கடைச் சாமான் எல்லாவற்றையும் என் காம்பவுண்டுக்கு எடுத்துவா. விசாப் பேப்பருக்கும் ஆள் அனுப்புகிறேன்.”

“எப்பங்க?”

“புக்ரா.”

பெரியவர் பங்காளியைக் கட்டிப்பிடித்து வாழ்த்தப் போய்விட்டார். குணசேகரன் என் காதருகே குனிந்தான்.

“ஏனுங் மாமா, அவரு சொன்னது நாளைக்கா, புக்ராவா?”